2 கிலோ டம்பெலைத் தாண்டுவது எப்படி? பெண்களும் வலுப்பயிற்சியும்

பதிவு 1 | இரும்புத்தட்டு

எடை தூக்கினால் உடம்பு ஆம்பளை உடம்பாகிவிடும் என்று நேரடியாகச் சொல்பவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பயம் விட்டுச்சென்ற பழக்கம் அப்படியே இருக்கிறது. 1 கிலோ, 2 கிலோ டம்பெல், 30 ரெப் (அதாவது 30 தடவை), ஆண்டு முழுக்க அதே எடை. பெண்களுக்கான பயிற்சி என்று பல இடங்களில் எழுதிக்கொடுப்பதும் இதைத்தான். இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லாரும் இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். முதலில் நான்.

2022இல் வந்த சிங்கப்பூர் உடலியக்க வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தோடு குறைந்தது 2 நாள் தசை வலுப்பயிற்சியும் வேண்டும் என்கிறது. நடந்த காலடிகளின் கணக்கு எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. அந்த 2 நாள்தான் யார் கணக்கிலும் வருவதில்லை.

தேக்கா சந்தைக்குப் போய்வரும்போது ஒரு கையில் 5 கிலோ அரிசி, மறு கையில் காய்கறியும் மீனும். அந்தக் கைக்கு 2 கிலோ டம்பெல் என்ன வேலை கொடுக்கும்? தன்னால் முடிந்த எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தசை வலுவாகும். சரியான எடையைக் கண்டுபிடிக்க ஒரு வழி: 10 ரெப் முடித்ததும் நிறுத்தி, இன்னும் எத்தனை ஒழுங்காகச் செய்திருக்க முடியும் என்று கேட்டுப்பாருங்கள். 2 அல்லது 3 என்றால் எடை சரி. 8, 10 என்றால் அது கைவீச்சுதான், வலுப்பயிற்சி ஆகாது.

உருவம் பெருத்துவிடுமே என்பதற்கு: ஆண் உடலில் தசையை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண் உடலில் இருப்பதைவிட 10 மடங்குக்கும் மேல். பெண்களுக்கு வலு நன்றாகவே கூடும், தசையின் அளவு மெதுவாகத்தான் கூடும். தோக்கியோ ஒலிம்பிக்கில் பிலிப்பீன்ஸின் ஹிடிலின் டியாஸ் 55 கிலோ பிரிவில் 127 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கித் தங்கம் வாங்கினார். நம் ஊர் ஃபர்ஹானா ஃபரித் 52 கிலோ பிரிவில் 200 கிலோவுக்கு மேல் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையை எடுத்து நிமிர்வது) செய்து உலகச் சாதனை படைத்தவர். எம்ஆர்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் சின்ன உருவம் என்றுதான் நினைப்போம்.

பதிவு 2 | செங்காங்_மலர்

நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் புதிதாகத் தொடங்கும் பலர் மூன்றாவது வாரத்திலேயே நிறுத்துவதற்கு வேறு காரணம் இருக்கிறது. எடைக்கருவியில் 1 கிலோ கூடுகிறது, ஜீன்ஸ் தொடையில் இறுகுகிறது. "பாருங்க, தடிச்சுட்டேன்" என்று சொல்பவரிடம் ஹார்மோன் கணக்கு சொல்லிப் பயனில்லை. அந்த 1 கிலோ என்ன என்று சொல்லுங்கள்.

பதிவு 3 | எலும்பும்தசையும்

பெரும்பாலும் தண்ணீர், மலர். பழக்கமில்லாத வேலை கொடுத்த தசையில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு அது ஆறும்போது கொஞ்சம் நீர் கோக்கும். கூடவே பயிற்சி செய்யும் தசை கிளைக்கோஜென் என்ற மாவுச்சத்தைக் கூடுதலாகச் சேமிக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜென்னோடு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரத்தில் 1 கிலோ தசை கட்டுவது பெண் உடலில் நடக்கிற காரியமில்லை. ஒரு மாதத்தில் அரைக் கிலோ வந்தாலே அது நல்ல வளர்ச்சி.

அளப்பதற்கு ஒழுங்கு வேண்டும். காலையில் கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் வாரச் சராசரியை மட்டும் எழுதிவையுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு, பிட்டத்தின் அகன்ற பகுதி, தொடையின் நடுப்பகுதி மூன்றையும் நாடாவால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தை அடுத்த வாரத்தோடு ஒப்பிடாதீர்கள், போன சுற்றின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலர் தேவையில்லாமல் மனம் உடைந்துபோகிறார்கள்.

இன்னொன்று நம்மவர்களுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரே பிஎம்ஐ (உயரத்துக்கும் எடைக்குமான குறியீடு) இருந்தாலும் தெற்காசியர் உடலில் கொழுப்பின் பங்கு அதிகம். சிங்கப்பூரில் 23க்கு மேல் போனாலே ஆபத்து கூடுகிறது என்று கணக்கிடுவது ஆசிய உடல்வாகை மனத்தில் வைத்துத்தான். ஒல்லியாக இருப்பவருக்கும் சர்க்கரை வருவது நம் குடும்பங்களில் புதிதா? சாப்பிட்ட பிறகு இரத்தச் சர்க்கரையை அதிகம் உள்வாங்குவது எலும்புத்தசைதான். "நான் ஒல்லிதானே, எனக்கெதற்கு" என்பது இந்தத் தலைப்பில் இருக்கும் தவறான எண்ணங்களிலேயே அதிகக் கேடு செய்வது என்பேன்.

பதிவு 4 | ஈசூன்_வாணி

நானும் அதையேதான் சொல்ல வந்தேன். இனி நடைமுறைக்கு வருவோம். ஆக்டிவ்எஸ்ஜி பொது உடற்பயிற்சிக் கூடங்களில் இருக்கும் சாமான்களை வைத்து வாரம் 2 நாள், ஒவ்வொரு நாளும் 45 முதல் 50 நிமிடம். இரண்டு நாளுக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு.

முதல் நாள்: கோப்லெட் ஸ்குவாட், அதாவது ஒரு டம்பெலை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழுவது. பிறகு சாய்பலகையில் டம்பெல் பிரஸ் (எடையை மேலே தள்ளுவது), கேபிள் ரோ (உட்கார்ந்து கேபிளை வயிற்றுப் பக்கம் இழுப்பது), கடைசியில் இரு கையிலும் எடை பிடித்து 30 மீட்டர் நடை.
இரண்டாம் நாள்: ரோமானியன் டெட்லிஃப்ட் (நின்றபடி இடுப்பை மடக்கி எடையை முழங்காலுக்குக் கீழே இறக்கி எழுவது), தோளுக்கு மேல் டம்பெல் பிரஸ், லேட் புல்டவுன் (மேலிருந்து கம்பியை நெஞ்சுக்கு இழுப்பது), முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான பெட்டியில் ஏறி இறங்குவது.

நடையைத் தவிர எல்லாம் 3 செட், 8 முதல் 12 ரெப். இடையில் நிறுத்தாமல் செய்யும் ரெப்கள் சேர்ந்தது ஒரு செட். கனமானவற்றுக்கு இடையில் 2 நிமிடம், தேவைப்பட்டால் 3 நிமிடம் ஓய்வு. மூச்சுவாங்கினால்தான் பயிற்சி என்று நினைத்து 20 வினாடியில் அடுத்த செட் எடுத்தால், தசை களைக்கும் முன் மூச்சு களைத்துவிடும். கால் வேலை செய்யாமலேயே செட் முடிந்துவிடும்.

ஏற்றும் முறை: 3 செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த தடவை அதற்கடுத்த எடை. புதிய எடையில் 8 வரும், மறுபடி 12 வரை ஏறுங்கள். தேதி, எடை, ரெப் மூன்றையும் எழுதிவையுங்கள். எழுதாதவர்கள் பெரும்பாலும் அதே எடையிலேயே நிற்பார்கள், அது அவர்களுக்கே தெரியாது.

பெண்களுக்கு இங்கே ஒரு சாதனச் சிக்கல் இருக்கிறது. பல கூடங்களில் இருப்பது 20 கிலோ பார் (எடைத் தட்டுகளை மாட்டும் நீளக் கம்பி) மட்டும். பெண்களுக்கான ஒலிம்பிக் பார் 15 கிலோ, பிடி 25 மில்லிமீட்டர். 20 கிலோ பாரின் பிடி 28, சின்னக் கைக்கு அது வழுக்கும். 15 கிலோ பார் இருக்கிறதா என்று கேளுங்கள், சில இடங்களில் ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். தோளுக்கு மேல் தூக்க வெறும் பாரே தொடக்கத்தில் பலருக்குக் கனம். அதனால் டம்பெல் அல்லது எடை மாறாத 10 கிலோ பார் எடுங்கள்.

பதிவு 5 | இரும்புத்தட்டு

வாணி, டெட்லிஃப்ட் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். முழு அளவுத் தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், எனவே பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். 5 கிலோ இரும்புத் தட்டு சின்னது. அதை மாட்டினால் பார் கணுக்காலுக்குப் பக்கத்தில் கிடக்கும், குனிந்து எடுக்கும்போது இடுப்பு வளையும். அப்புறம் டெட்லிஃப்ட் முதுகைக் கெடுக்கும் என்ற பேச்சு. கெடுத்தது பார் இருந்த உயரம். இரண்டு பக்கமும் தட்டுக்கு அடியில் ஏரோபிக்ஸ் படியோ பெரிய தட்டுகளோ வைத்து உயர்த்துங்கள். இல்லையென்றால் ரேக் என்ற பார் தாங்கியின் பாதுகாப்புக் கம்பிகளை நடுக்காலுக்கு இறக்கி அதில் வைத்து எடுங்கள்.

ஸ்மித் எந்திரத்தில் (தடத்தில் மேலும் கீழும் ஓடும் கம்பி) தூக்கும் எடையைப் பாரோடு ஒப்பிடாதீர்கள். பலவற்றில் கம்பிக்கு எதிர் எடை கட்டியிருப்பார்கள், அது எந்திரத்துக்கு எந்திரம் மாறும்.

பதிவு 6 | தோபாயோ_ராஜி

முழங்கால் கால்விரலைத் தாண்டக்கூடாது, தாண்டினால் மூட்டு தேயும் என்று எல்லாரும் சொல்கிறார்களே? முழுக்க உட்காரவும் கூடாதாம். அப்படியானால் ஸ்குவாட்டை எப்படித்தான் செய்வது?

பதிவு 7 | எலும்பும்தசையும்

ராஜி, படி இறங்கும்போது உங்கள் முழங்கால் விரலைத் தாண்டித்தான் போகிறது. ஸ்குவாட்டில் அதைக் கட்டிப்போட்டால் உடல் முன்னால் சாய்ந்து, முட்டியில் குறைந்த சுமை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் பல மடங்காகப் போய்ச்சேரும். ஆரோக்கியமான மூட்டு ஸ்குவாட்டால் தேய்வதில்லை. தொடைத்தசை வலுவானால் மூட்டுவலி குறையும். கீல்வாதம் இருப்பவர்களுக்கும் மருத்துவர்கள் தொடைப் பயிற்சி கொடுப்பது அதனால்தான்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு.

முழங்கால் உள்ளே விழுவது. எழும்போது இரண்டு முட்டியும் ஒன்றையொன்று நோக்கி வந்தால் எடை அதிகம், அல்லது பாதம் நேராக நிற்கிறது. பாதத்தை 15 முதல் 30 பாகை வெளியே திருப்பி, முட்டி இரண்டாம் விரலின் திசையில் போகும்படி செய்யுங்கள். அப்போதும் விழுந்தால் எடையைக் குறையுங்கள்.

குதிகால் தூக்குவது. கணுக்கால் போதுமான அளவு மடங்காததால் வருவது. ஒவ்வொரு குதிகாலுக்கு அடியிலும் 2.5 கிலோ தட்டை வைத்தால் உடனே வித்தியாசம் தெரியும். ஓட்டக் காலணியின் மெத்தை அமுங்கி ஆடும், தட்டையான அடி உள்ள காலணி நல்லது.

மூச்சு. இறங்கும் முன் வயிறு நிறைய இழுத்து, யாரோ வயிற்றில் குத்தவருவது போல இறுக்குங்கள். எழும்போது கடினமான இடத்தைத் தாண்டியதும் விடுங்கள். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் மூச்சை அடக்கவே வேண்டாம், எடையைக் குறைத்து எழும்போதே ஊதுங்கள்.

பெண்களிடம் அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு: முழங்கையும் முழங்காலும் நேர்க்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளையும். நெகிழ்வு அதிகமான மூட்டு. அவர்கள் மேலே போய் "பூட்டி" நிற்கக்கூடாது, தசை இறுக்கத்தோடு நேராக நிறுத்த வேண்டும். காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் இதை மறப்பது ஆபத்து.

வலியைப் பற்றி: மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரு பக்கமும் தசை முழுக்க வலித்தால், 3 நாளில் தானே போய்விடும். தூக்கும்போதே ஒரு புள்ளியில் சுரீரென்றால், மூட்டு வீங்கினால், வலி காலுக்குக் கீழே ஓடினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதிவு 8 | தோபாயோ_ராஜி

நன்றி. இன்னொரு கேள்வி, அம்மாவுக்காக. வயது 62, எடை 45 கிலோ. எலும்பு அடர்த்தி குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எல்லாரும் பாத்திரம்கூடத் தூக்க விடுவதில்லை. இந்த வயதில் எடைப் பயிற்சி என்றால் எலும்பு முறிந்துவிடாதா?

பதிவு 9 | எலும்பும்தசையும்

தூக்கவிடாமல் பார்த்துக்கொள்வது பாசம்தான். ஆனால் எலும்பு சுமையைப் பார்த்துத்தான் தன்னைக் கட்டிக்கொள்ளும். சுமையே இல்லையென்றால் கரையும். மாதவிடாய் நின்ற பின் முதல் சில ஆண்டுகளில் அந்தக் கரைதல் வேகமாக இருக்கும்.

ஆசியப் பெண்களுக்கான எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. வயதிலிருந்து எடையைக் கழிக்க வேண்டும். 62இல் 45 போனால் 17. 20க்கு மேல் என்றால் எலும்புப்புரை ஆபத்து அதிகம், 0 முதல் 20 நடுத்தரம், 0க்குக் கீழ் குறைவு. அம்மாவுக்கு ஏற்கெனவே ஸ்கேன் எடுத்துவிட்டதால் இந்தக் கணக்கு இனி தேவையில்லை. உங்கள் சித்தி, பெரியம்மாவுக்குப் போட்டுப்பாருங்கள்.

ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. வாரம் 2 நாள், 30 நிமிடம், 8 மாதம். டெட்லிஃப்ட், ஸ்குவாட், தோளுக்கு மேல் பிரஸ் மூன்றும் 5 செட், 5 ரெப், அதிகபட்ச வலுவில் 80 முதல் 85 விழுக்காட்டுக்கு மேல். கூடவே கம்பியில் எம்பித் தொங்கித் தரையில் குதித்து இறங்குவது. கீழ்முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்ற குழுவுக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. பயிற்சிக் குழுவில் பதிவான பாதகம் ஒருவருக்கு வந்த சிறிய முதுகுப் பிடிப்பு மட்டுமே.

ஆனால் இதைப் படித்துவிட்டு அம்மாவை நாளைக்கே பாருக்கு அடியில் நிறுத்தாதீர்கள். அந்த ஆய்வில் எல்லாம் நேரடி மேற்பார்வையில் நடந்தது, முதல் மாதம் உடல் எடையிலும் லேசான எடையிலும் அசைவைக் கற்பதற்கே போனது. முதுகெலும்பில் முறிவு இருக்கிறதா என்று மருத்துவரிடம் உறுதிசெய்த பிறகுதான் எதுவும். முதுகை வளைத்துக் குனிந்து எடை எடுப்பதும், வயிற்றுக்காக மடங்கி எழுவதும் அவருக்கு வேண்டாம்.

இப்போதே வீட்டில் பார்க்கக்கூடியது: கையை நெஞ்சில் கட்டி, நாற்காலியிலிருந்து 5 முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் பலவீனம். ஆசிய தசைச்சிதைவுக் குழு 2019இல் வைத்த அளவு அது. அதே குழு பெண்களுக்குக் கைப்பிடி வலு 18 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்கிறது. அதை அளக்கும் கருவி இயன்மருத்துவரிடம் இருக்கும்.

தொடக்கம் அந்த நாற்காலியிலிருந்தே. 8 முறை எழுதல், 3 செட், வாரம் 2 நாள். சுலபமானதும் 2 கிலோ, பிறகு 5 கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு. அப்புறம் நாற்காலியை எடுத்துவிட்டுத் தாழ்ந்த பலகை.

பதிவு 10 | ஈசூன்_வாணி

ராஜி, புளோக்குக்குக் கீழே இருக்கும் முதியோர் உடற்பயிற்சி முனை பற்றி யாராவது கேட்பார்கள், முன்பே சொல்கிறேன். மூட்டை அசைக்க, பொழுதோடு வெளியே வர அது நல்லது. ஆனால் அங்குள்ள பெரும்பாலான கருவிகளில் எடையைக் கூட்ட வழி இல்லை. அம்மாவுக்கு அது சூடேற்றம், அதன் பிறகு அரிசிப் பை.

பதிவு 11 | சோறும்புரதமும்

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தூக்கிவிட்டுச் சாம்பார் சாதம் மட்டும் சாப்பிட்டால் தசை எதைக் கொண்டு கட்டும்? வலுப்பயிற்சி செய்பவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் எடுக்கலாம். 55 கிலோ பெண்ணுக்கு 66 முதல் 88 கிராம்.

சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். ஒரு கரண்டி நீர்த்த சாம்பாரில் 2, 3 கிராம் இருந்தாலே அதிகம். இரண்டு தோசை, சாம்பார் சேர்த்து 10. அதோடு 2 முட்டை வைத்தால் 22. மதியம் சோற்றோடு எலும்பில்லாத வெந்த கோழி 100 கிராம், 35. மாலையில் ஒரு குவளை பால், 8. இரவு 3 சப்பாத்தியும் 100 கிராம் தெம்பேயும் (புளிக்கவைத்த சோயாக் கட்டி), 28. மொத்தம் 93. புரத மாவு எதுவும் வாங்கவில்லை பாருங்கள்.

தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்கள் அந்த வாரங்களில் பயிற்சியை நிறுத்துவதற்குக் காரணம் இல்லை. காலை இரண்டு தோசை, சாம்பார், பால்: 18. மதியம் சோறு, கெட்டியான பருப்பு ஒரு கிண்ணம், தயிர்: 28. மாலை கொண்டைக்கடலைச் சுண்டல் 150 கிராம்: 13. இரவு 3 சப்பாத்தியோடு தௌக்வா (கெட்டியான தவ்ஃபூ) 150 கிராம்: 28. மொத்தம் 87. தௌக்வா என்று கேட்டு வாங்குங்கள். மென்மையான தவ்ஃபூவில் (சோயாக் கட்டி) பெரும்பகுதி தண்ணீர்.

வே புரதம் பாலிலிருந்து எடுத்தது. அதில் ஆண் ஹார்மோன் எதுவும் இல்லை. ஆனால் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மேலே சொன்ன அளவுகளை அப்படியே எடுக்க வேண்டாம், மருத்துவர் சொல்லும் அளவுதான்.

பதிவு 12 | செங்காங்_மலர்

மாதவிடாய் நாட்களில் தூக்கலாமா? பிரசவத்துக்குப் பிறகு? கர்ப்பப்பை இறங்கிவிடும் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு இருக்கிறது.

பதிவு 13 | எலும்பும்தசையும்

மாதவிடாயில் தூக்கலாம். வலியோ களைப்போ இருந்தால் அன்று ஒரு செட்டைக் குறையுங்கள். சுற்றின் நாளைப் பார்த்துத் திட்டத்தையே மாற்றி எழுதத் தேவையில்லை. உதிரப்போக்கு மிக அதிகம், படியேறினாலே மூச்சு என்றால் இரும்புச்சத்தைச் சோதியுங்கள்.

கர்ப்ப காலத்தில், மருத்துவர் தடை சொல்லாதவரை, ஏற்கெனவே தூக்கியவர்கள் மிதமான எடையில் தொடரலாம். முதல் மூன்று மாதம் தாண்டியதும் நீண்ட நேரம் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைச் சாய்பலகைக்கு மாற்றுங்கள்.

பிரசவத்துக்குப் பின் எடைக்கு முன் இடுப்புத்தளத் தசை, அதாவது கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் தசை. தூக்கும்போது சிறுநீர் கசிந்தால், கீழே எதுவோ இறங்குவது போல் கனத்தால், "பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம், தயவுசெய்து. சரிசெய்யக்கூடிய பிரச்சினை அது. கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் இதற்கென்றே இயன்மருத்துவம் இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் மானியக் கட்டணம். எடையை அடியோடு விடச் சொல்ல மாட்டார்கள், எவ்வளவு, எந்த மூச்சோடு என்று கற்றுக்கொடுப்பார்கள்.

பதிவு 14 | செங்காங்_மலர்

மிக்க நன்றி. கடைசியாக வாணி அக்காவுக்கு ஒரு கேள்வி. தோளுக்கு மேல் பிரஸ்ஸில் 5 கிலோவில் 12 வருகிறது. அடுத்தது 7.5. அதில் 4க்கு மேல் போகவே முடியவில்லை. இதில்தான் பலர் ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள்.

பதிவு 15 | ஈசூன்_வாணி

நிற்காமல் என்ன செய்வார்கள்? 5இலிருந்து 7.5 என்பது ஒரே தாவலில் 50 விழுக்காடு. 40 கிலோ ஸ்குவாட் செய்பவரை 60க்குப் போகச் சொல்வதற்குச் சமம். ஆள் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

5 கிலோவில் 12இல் நிறுத்தாமல் 3 செட்டும் 16 வரை கொண்டுபோங்கள். அது வந்ததும் முதல் செட் மட்டும் 7.5இல், எத்தனை வருகிறதோ அத்தனை, 5 வந்தாலும் போதும். மீதி 2 செட் 5இலேயே. முதல் செட்டில் 7 வந்ததும் இரண்டாவதையும் மாற்றுங்கள், அப்புறம் மூன்றாவது.

சீக்கிரம் வேண்டுமென்றால் அரைக் கிலோ மணிக்கட்டுப் பட்டை ஒரு ஜோடி வாங்கிக் கட்டிக்கொண்டு 5 கிலோவைத் தூக்குங்கள், 5.5 ஆகிவிடும். 1 கிலோ பட்டை என்றால் 6. பட்டை மணிக்கட்டு எலும்புக்குக் கொஞ்சம் கீழே, முன்கையில் இறுக்கமாக இருக்கட்டும். தளர்வாக இருந்தால் மேலே போகும்போது நழுவி முழங்கைப் பக்கம் வரும்.

பதிவு 16 | செங்காங்_மலர்

வீட்டுக்குப் பக்கத்துக் கூடத்தில் 4, 6, 8 என்று இருக்கிறது, அக்கா. அங்கேயும் இதே கணக்கா?

பதிவு 17 | ஈசூன்_வாணி

அதேதான்மா. 5இல் 12 வருகிறவருக்கு 6இல் 8 வந்துவிடும், நேராக 6இல் தொடங்குங்கள். அதில் 3 செட்டும் 14 வந்த பிறகு 8இல் ஒரு செட்.